கோட்டுக்குக் கீழே ஒரு வரி

என் வீட்டுக்காரி மாவட்ட அலுவலகத்தில் தபால் எழுத்தர். வருகிற கடிதத்துக்கெல்லாம் எண் போட்டு, தேதியோடு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மற்ற பிரிவுகளில் நாள் முடிவில் இரண்டு வரி காலியாக விடுவார்கள், வேண்டியவர்களின் கடிதத்தைப் பழைய தேதியில் நுழைக்க. இவள் மட்டும் கடைசி வரியை ஒட்டிச் சிவப்புக் கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாள்; மறுநாளுக்குப் புதுப் பக்கம். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அவளோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு 'நாளைக்கு வாங்க' என்று பெயர். யார் வந்தாலும் அதைத்தான் சொல்வார். காரியம் இன்றைக்கே ஆக என்ன செய்ய வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அப்படியே படிப்படியாக ஏறி மாவட்டத்துக்கே தலைமை அதிகாரியானார். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் அவர் வீட்டில் ஒரு மாடி எழும்பியது.

ஒருநாள் இவளைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிய நிலத்தைத் தன் மச்சானுக்குக் கொடுக்க வேண்டும். மச்சானின் மனு மூன்று மாதம் முன்பே, ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கும் முன்பே, வந்ததாகக் காட்ட வேண்டும்.

“ஒரே ஒரு வரிதானேம்மா.”

“அன்னைக்குப் பக்கம் அன்னைக்கே முடிஞ்சிருச்சு சார்.”

“ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு. யோசிச்சுக்கோங்க.”

மறுநாளே ஜன்னலில்லாத ஆவண அறைக்குத் தூக்கியடித்தார். வேறொருவர் அந்த வரியை எழுதினார்.

நிலம் கைமாறியதும் ஆஸ்பத்திரி டாக்டர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். விசாரணை வந்தது. 'நாளைக்கு வாங்க' கூசாமல் சொன்னார்: “பதிவேடு அந்தம்மா பொறுப்பு. எழுதினது அவங்கதான்.” அதை நம்பிவிட்டால் வேலை, பென்ஷன் எல்லாம் போய் ஜெயிலும் வரும்.

விசாரணை அதிகாரியிடம் இவள் சொன்னது இவ்வளவுதான்: “இந்த வரி கோட்டுக்குக் கீழ இருக்கு சார். நான் கோடு போட்டப்புறம் எழுதினதே இல்ல. இருபத்தெட்டு வருஷப் புத்தகமும் ஆவண அறையில இருக்கு, எடுத்துப் பாருங்க.”

இரண்டு நாள் பார்த்தார்கள். ஒரு பக்கத்தில்கூட கோட்டுக்குக் கீழே அவள் எழுத்து இல்லை. புது வரி மட்டும் அவள் கையெழுத்தின் மேலேயே ஏறி நின்றது. எழுதியவர் ஒரே மிரட்டலில் எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

அவளைப் பழைய நாற்காலிக்கே அனுப்பினார்கள். உட்கார்ந்த முதல் நாள் தபாலிலேயே 'நாளைக்கு வாங்க'வை சஸ்பெண்ட் செய்த உத்தரவு வந்தது. அந்த ஒரு வரியை எண் போட்டு ஏற்ற அரை மணி நேரம் ஆனதாம்.

“பாவமா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“இல்லைங்க. அடித்தல் திருத்தல் வந்துடக் கூடாதேன்னுதான்.”