வெட்டிய நரம்பும் வேட்டுச் சத்தமும்

ஆந்திர எல்லைத் தகராறு தீர்ந்த சமயம். திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், பூனையொன்றின் இடது அட்ரினல் சுரப்பிக்குப் போகும் நரம்பை வெட்டியிருந்தேன். சுரப்பியைத் தூண்டும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சில நாள் கழித்து இரண்டு சுரப்பிகளையும் எடுத்து அளந்தேன். இரண்டு சுரப்பிகளிலும் அட்ரினலின் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வலதிலோ இடதில் இருந்ததில் பாதிகூட இல்லை.

"வேறு பூனையின் சுரப்பியைக் கலந்துவிட்டாய்" என்று, பூனைகளைப் பார்த்துக்கொண்ட நகரி ஊர்க்காரர் கன்னியப்பனிடம் கத்தினேன்.

"இல்ல சார். எல்லை தீந்துச்சுன்னு நேத்தெல்லாம் வாசல்ல வேட்டு வுட்டாங்களே, பூனை நடுங்கிக்கினே இருந்துச்சு."

"கதை விடாதே" என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

பிறகுதான் புரிந்தது. பயம் நரம்பு வழியாகத்தான் சுரப்பியை எட்டுகிறது. நரம்பு இருந்த வலது சுரப்பி அட்ரினலினைக் கொட்டித் தீர்த்திருந்தது. இடதுக்குச் சேதியே போகவில்லை.

ஆய்வுக் கட்டுரையில் வேட்டுச் சத்தத்தைக் குறிப்பிட்டேன். அதைச் சொன்னவர் பெயரை எழுதவில்லை. எழுதினால், அவர் இப்போது எங்கே என்று யாராவது கேட்பார்கள்.