ஊமை ஸ்டீயரிங்

என் மனைவியின் கைகளில் எந்தக் குறையும் இல்லை. குறை இருப்பதாக அவளை நம்பவைத்தவன் நான்.

எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். இவ்வளவுதானா என்று தோன்றியது... இவ்வளவுதான். இதைக் கேட்க வேண்டியவள் அடுத்த அறையில் இருக்கிறாள். அவளை விட்டுவிட்டு முகம் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் என்னிடம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உரிமம் கேட்டு வந்தவர்களை வண்டி ஓட்டச் சொல்லிப் பார்த்து, தேறினார், தேறவில்லை என்று முடிவு சொல்வது என் வேலை. கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. பெரிய இடத்துப் பிள்ளை என்று எவனையும் தேறவைத்ததில்லை. பிடிக்காத முகம் என்று எவனையும் தோற்கடித்ததும் இல்லை. ஓய்வு பெற்ற நாளில் நேர்மையைப் புகழ்ந்து ஒரு சால்வை போர்த்தினார்கள். அது இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஏற்காட்டுக் குளிருக்கு உதவாத மெல்லிய சால்வை.

ஏற்காட்டுக்கு வந்தது சரோஜாவுக்காக. அவள் பிறந்த ஊர் பக்கத்து மலைக் கிராமமான மஞ்சக்குட்டை. அவளைத் தூக்கி வளர்த்த அக்கா பொன்னம்மாள் அங்கே கொஞ்சம் காப்பிச் செடியும் ஆரஞ்சு மரங்களுமாகத் தனியாக இருந்தார். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. மூச்சுத் திணறல் மட்டும் விடாமல் கூட இருந்தது.

சரோஜாவுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. நினைத்த நேரத்தில் தானே கார் ஓட்டிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போக வேண்டும். பஸ்ஸுக்கு அதன் நேரம் உண்டு. ஷேர் ஜீப்போ ஆள் நிறையாமல் நகராது.

"ஜீப்பு நெறையறதுக்குள்ள அக்கா போட்டு வெச்ச காப்பி ஆறிப்போயிருதுங்க" என்பாள்.

பழகுநர் உரிமம் எடுத்தாள். ஏரிக்கரைச் சாலையில் காலை வேளைகளில் நான் பக்கத்தில் உட்கார, அவள் ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள். அதுதான் தொல்லை. ஒரு நாள் ஒண்டிக்கடைச் சந்திப்பில் மளிகைக் கடை வைத்திருக்கும் பஷீர் பாய் வண்டியை நிறுத்தச் சொல்லி, சன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க சார், அம்மா சாதாரணமா ஓட்டிட்டு வர்றாங்க. நீங்க எதுக்கு மேல இருக்கற கைப்பிடிய அந்தப் புடி புடிச்சிருக்கறீங்க?"

சரோஜா சிரித்தாள். நானும் சிரித்தேன். என் கை அப்போதும் அந்தக் கைப்பிடியில்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகன், பெங்களூரில் சின்ன வீட்டுக்கு மாறியபோது, தன் கார்ப் பந்தய விளையாட்டுச் சாதனங்களைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினான். திரை, ஸ்டீயரிங், கியர், காலுக்கு மூன்று மிதி. விளையாட்டுதானே என்று நினைத்தேன். ஓட்டிப் பார்த்த பிறகு வாயடைத்துப் போனேன்.

டயர் சூடேறினால்தான் பிடிக்கும். அதிகம் சூடானால் வழுக்கும். பெட்ரோல் குறையக் குறைய வண்டி இலேசாகும். மழை பெய்தால் சாலையின் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறி, கடைசி வளைவில் கைவிட்டுவிடும். மோதினால் முன்சக்கரம் கோணும்; அப்புறம் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். என் பணிக்காலத்தில் இப்படி ஒரு கருவி அலுவலகத்தில் இருந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று கூட நினைத்தேன். உயர்ந்த சிந்தனை!

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அந்த ஸ்டீயரிங்குக்குள் மோட்டார் இருந்தது. சக்கரத்துக்கு அடியில் நடப்பதையெல்லாம் அது ஓட்டுபவரின் கைக்குச் சொல்லும். சரளையில் ஏறினால் நடுங்கும். டயர் பிடியை விடப்போகிறது என்றால், விடுவதற்கு ஒரு கணம் முன்பே இலேசாகும். அந்த விசையைக் கூட்டலாம், குறைக்கலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு நடைமுறை வகுத்தேன். அந்த விளையாட்டில் எந்த நாட்டு மலையோ ஒன்று இருந்தது, கொண்டை ஊசி வளைவுகளோடு. அந்த மலையை எங்கும் இடிக்காமல் இறங்கிக் காட்டினால்தான் மலைச் சாலைக்கு நம் கார் சாவி என்றேன். இப்படி ஒரு தேர்வு எந்தச் சட்டத்திலும் கிடையாது. என் வீட்டில் நான்தானே சட்டம்.

சரோஜா மறுக்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் இடித்தாள், உருண்டாள், தனக்குத்தானே திட்டிக்கொண்டாள். பிறகு கை பழகியது. ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப் பாடம். அதை அவள் மீறவே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைத் தணித்து ஹாரன் அடிப்பாள்.

"அந்த ரோட்டுல வேற வண்டியே கெடையாது, சரோஜா."

"இருக்கட்டுங்க. ஏறி வர்றவங்களுக்குத் தெரியோணுமில்ல. அவங்களுக்குத்தான மொதல்ல வழி?"

இல்லாத வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டு, அந்த மலையை என்னைவிடக் குறைந்த நேரத்தில் இறங்கினாள். இன்னும் சில முறை இறங்கட்டும் என்று நான் சாவியைத் தள்ளிப்போட்டேன்.

எப்படி என்று எனக்குத் தெரியும். வளைவில் நிதானமாக நுழைகிறவன்தான் வேகமாக வெளியேறுவான். இதை ஆயிரம் பேருக்குச் சொன்னவன் நான். எனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த விளையாட்டில் நிழல் வண்டி என்று ஒன்று உண்டு. ஒரு சாலையில் ஓட்டியதிலேயே மிக விரைவான ஓட்டத்தை அது பதிந்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை ஓட்டும்போது, அந்த ஓட்டம் கண்ணாடி போன்ற ஒரு வண்டியாக நமக்கு முன்னால் போகும். இடிக்காது, மறிக்காது. முன்னால் மட்டும் போகும். அன்றிலிருந்து நான் ஓட்டும்போதெல்லாம் சரோஜாவின் நிழல் எனக்கு முன்னால் போனது. அவள் ஓட்டும்போது அதைத் திரையில் மறைத்துவிடுவேன். விளையாட்டுக் கணக்கு என் பெயரில் இருந்ததால், அந்த வண்டிக்கு மேல் என் பெயர் மிதந்தது. அவள் ஓட்டம், என் பெயர்!

அதை எட்ட முயன்றேன். முடியவில்லை. அறுபதைக் கடந்த, பழகுநர் உரிமம் மட்டுமே வைத்திருந்த, என்னிடம் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டுப் பழகிய ஒருத்தியை... முடியவில்லை.

ஒரு மதியம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது போய் ஸ்டீயரிங்கின் விசையைக் குறைத்தேன். கொஞ்சம்தான். மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாகக் குறைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று தெரியும். என் முறை வரும்போது பழைய அளவுக்குக் கூட்டிக்கொள்வேன், எழுந்திருக்கும்போது குறைத்துவைப்பேன். முறைகேட்டையும் முறையாகச் செய்தேன். பிறகு பிரேக்குக்குக் காற்றுப் போகும் துவாரத்தையும் பாதி அடைத்தேன். அதற்கும் அந்த விளையாட்டில் இடம் உண்டு. உண்மை வண்டியில் எதையெல்லாம் கெடுக்கலாமோ அதையெல்லாம் அங்கேயும் கெடுக்கலாம்.

அவள் வளைவுகளில் வழுக்க ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஸ்டீரிங்கு இப்பெல்லாம் ஊமையாட்ட இருக்குது. முன்ன கையில பேசுமுங்க."

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'விசை குறைந்திருக்கும், பார்க்கிறேன்' என்று சொல்லியிருந்தால் போதும். குற்றம் அத்தோடு ஒரு குறும்பாகச் சுருங்கியிருக்கும். நான் செய்தித்தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எனக்குச் செரியாத்தான் இருக்குது. உன் கைதான் மரத்துப்போகுதாட்ட இருக்குது. வயசாவுதில்ல? சக்கரை கிக்கரை இருக்குதான்னு பாத்துக்க."

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

மருத்துவரிடம் போய் ரத்தம் கொடுத்தாள். சர்க்கரை இல்லை. "ரத்தத்துல ஒண்ணுமில்லைன்னுட்டாருங்க. அப்ப நரம்புதானுங்களே?" என்றாள். நான் தலையசைத்தேன். அன்றிலிருந்து காப்பித் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடிக்கத் தொடங்கினாள். மாலையில் நல்லெண்ணெய் சூடுகாட்டி உள்ளங்கைகளில் தேய்த்துக்கொண்டாள்.

ஒரு நாள் திரையில் பள்ளத்தில் கிடந்த காரைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். "உடுங்க. இது நமக்கு ஆவாது" என்றாள். பழகுநர் உரிமம் காலாவதியானது. புதுப்பிக்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்பாள் என்று தெரிந்தே.

ஏன் செய்தேன் என்று உங்களுக்குப் புரிகிறதா? எனக்குப் பாதிதான் புரிகிறது. தோற்றதால் என்று சொல்லலாம். ஒருவர் ஓட்டலாமா கூடாதா என்று சொல்கிற நாற்காலி எனக்கு வேறெங்கும் மிச்சமில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. இரண்டுமே போதவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது.

கண் பரிசோதனைக்காக நான் சேலம் போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் வண்டி ஓட்டக்கூடாது என்பதால் பஸ்ஸில் போனேன். விதியை மீறாதவன் அல்லவா! கார் வீட்டில் நின்றது. மஞ்சக்குட்டையிலிருந்து அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் சரோஜாவுக்கு போன் செய்தார். அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வரச் சொல்கிறார் என்று. வெளியே பனி இறங்கியிருந்தது. பஸ் போய்விட்டிருந்தது. அவள் ஒண்டிக்கடை வரை நடந்து, ஷேர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். ஆள் நிறையவில்லை. அதைப் பார்த்த பஷீர் பாய் கடையை அடைத்துவிட்டுத் தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா இல்லை.

நான் வாடகைக் கார் பிடித்து அங்கே போனேன். எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் சரோஜா மீதியைச் சொன்னாள்.

"நடந்து போறதுக்கு முன்னால கார்ல ஒக்காந்தேனுங்க. சாவி போட்டேன். இஞ்சினும் வந்துருச்சு. அப்பறம் கையப் பாத்தேன். இந்தக் கைய நம்பி இந்தப் பனியில போறதான்னு ஆப் பண்ணிட்டு எறங்கிட்டேன்."

நான் மேசை மேலிருந்த கார் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

"அக்கா, கார் சத்தம் கேக்குதா, கார் சத்தம் கேக்குதான்னே கேட்டுட்டு இருந்துச்சாமுங்க. கார்ல வருவேன்னு நாந்தான சொல்லி வெச்சிருந்தேன்." பிறகு சொன்னாள்: "நீங்க முன்னாலயே கையப் பத்திச் சொன்னது நல்லதாப் போச்சுங்க. இல்லாட்டி தெரியாம எடுத்துட்டுப் போயி, யாரு மேலயாச்சும் உட்டிருப்பேன்."

எனக்கு நன்றி சொன்னாள்! நீங்கள் கேட்டீர்கள் அல்லவா? நன்றி...

உரிமம் இல்லாமல் அன்று அவள் ஓட்டியிருந்தால் அது குற்றம். எந்தப் பிரிவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் செய்ததற்குப் பிரிவு தேடிப் பார்த்தேன். இல்லை.

சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய் எடுத்திருக்கிறேன். சொன்னால் அவளுக்குக் கைகள் திரும்பக் கிடைக்கும். கூடவே, அன்று போயிருக்க முடியும் என்பதும் தெரிந்துவிடும். அதை அவள் தாங்குவாளா என்று எனக்குள் வாதாடுகிறேன். நல்ல வாதம். குற்றவாளிகள் எல்லோருக்கும் இப்படி ஒரு நல்ல வாதம் கிடைத்துவிடும். பயம் என்னுடையது, அதற்குப் பெயர் மட்டும் அவளுடையது.

ஸ்டீயரிங்கின் விசையைப் பழைய அளவுக்கே வைத்துவிட்டேன். அவள் அந்தப் பக்கம் வருவதில்லை. நான் மட்டும் மாலையில் உட்கார்ந்து அந்த மலையை இறங்குகிறேன். நிழல் வண்டி முன்னால் போகிறது. அதை அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. என் விரல் அங்கே போவதில்லை.

நேற்று மாலை இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் நல்லெண்ணெய் வாசனை வந்தது. சரோஜா உள்ளங்கைகளைத் தேய்த்தபடி நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வண்டியை அவள் பார்க்கவில்லை.

"முன்னால போறது யாருதுங்க?"

நான் கியரை மாற்றினேன்.

"முக்குல எல்லாம் ஒரு சித்த தணிச்சுப் போகுது பாருங்க. ஆரன் அடிக்கறவங்களாட்ட. யாரோ மலையில பொறந்தவங்கதான் ஓட்டியிருக்கறாங்க." இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "அட, உங்க பேருல்ல போட்டிருக்குது. நீங்களாங்க?"

ஸ்டீயரிங் என் கையில் நடுங்கியது. சரளை மேல் ஏறியிருந்தேன்.

"ஆமா" என்றேன்.

"நல்ல கையிங்க" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.