விரலில் பட்ட பல்

சரக்குக் கப்பலில் ஒன்பது மாதம் வேலை பார்த்துவிட்டு ஜாய்சன் தூத்துக்குடி திரும்பியபோது, அவன் கப்பலேறிய பிறகு பிறந்த மகள் ஷெர்லினுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. மில்லர்புரம் வீட்டு வாசலில் அவன் கை நீட்டியதும் குழந்தை வீலென்று கத்தி, அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"புது முகம்லா, ரெண்டு நாள்ல சரியாயிருவா," என்றாள் மனைவி ரீனா.

ஒரு வாரமாகியும் சரியாகவில்லை. அவன் தூக்கினால் அழுகை, இறக்கிவிட்டால் நின்றுவிடும்.

எட்டாம் நாள் பள்ளியில் பரீட்சை. ஆசிரியையான ரீனாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. குழந்தையை அவனிடம் விட்டுப் போனாள். பத்து மணிக்கு ஆரம்பித்த அழுகை ஓயவே இல்லை. ஷெர்லின் பாலைத் தட்டிவிட்டாள், கஞ்சியைத் துப்பினாள். எச்சில் ஒழுகிச் சட்டையெல்லாம் நனைந்தது. தன்னைப் பிடிக்காமல்தான் அழுகிறாள் என்று ஜாய்சனுக்கே கண் கலங்கிவிட்டது.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினான்.

"காலையிலேர்ந்து அழுறா, எதையும் வாயில வாங்க மாட்டேங்கா. ஏதாவது மருந்து குடுங்கக்கா."

கடைக்கார ஜீவமணி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. கீழுதட்டை மெல்ல இறக்கினாள். ஈறு சிவந்து தடித்திருந்தது.

"பல்லு மொளைக்குது தம்பி. ஈறு மரத்துப்போகத் தடவுற ஜெல்லெல்லாம் இந்த வயசுப் பிள்ளைக்கு ஆகாது. கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு விரலால ஈறை மெதுவா நீவி விடுங்க. சுத்தமான துணிய நனைச்சு ஃபிரிட்ஜுல வச்சு, கடிக்கக் குடுங்க. பக்கத்துலயே இருந்து பாத்துக்கிடணும். காய்ச்சல் அடிச்சா மட்டும் பல்லுனாலதான்னு இருந்துராம டாக்டர்ட்ட காட்டுங்க."

"அப்ப எம்மேல உள்ள கோவம் இல்லியாக்கா?"

ஜீவமணி சிரித்துவிட்டாள். "வலிக்கிற பிள்ளைக்குக் கோவம் எங்க வரும்?"

வீட்டுக்கு வந்ததும் நகத்தை ஒட்ட வெட்டினான். கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரலை இரண்டு தரம் கழுவி, பயந்துகொண்டே ஈறில் வைத்தான். ஷெர்லின் லபக்கென்று கவ்விக்கொண்டாள். அழுகை விம்மலாகித் தேய்ந்தது. ஈரம் காயாத கண்களால் அவனை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் மரத்துப்போனபோதும் ஜாய்சன் அசையவில்லை.

அதன்பிறகு ஈறு உறுத்தும்போதெல்லாம் அவளே தவழ்ந்து வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்து நீவிக்கொண்டிருந்தபோது, அரிசி முனை போல ஏதோ சுருக்கென்று விரலில் பட்டது.

"ஏளா ரீனா! பல்லு வந்துட்டுளா!"

அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "எங்க, காட்டுங்க!"

ஷெர்லின் வாயைத் திறந்தால்தானே! அப்பாவின் விரலைக் கடித்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.