தட்டிய கை

அவன் தட்டினான். என் முன்கையில் இரண்டு முறை, தெளிவாக. கூண்டுச் சண்டையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: விட்டுவிடு, தோற்றுவிட்டேன்.

நான் கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் பரோட்டா போடுகிறவன். தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்தவன். சாயங்காலம்தான் வேலை என்பதால் காலையில் கரமனையில் ஒரு ஜிம்முக்குப் போய் மல்யுத்தம் பழகினேன். அந்த ஜிம்மின் செல்லப்பிள்ளை அவன். எட்டுச் சண்டை, எட்டும் வெற்றி. வாசலில் ஆளுயரத்துக்கு அவன் பேனர்.

அந்த எட்டுச் சண்டையில் எதிரே நின்றவர்களில் ஒருவர் நகைக்கடை வாட்ச்மேன். கையுறை மாட்டக் கற்று மூன்று மாதம்கூட ஆகாதவர். இன்னொருவர் தோள்பட்டை இறங்கிய ஆட்டோக்காரர். ஒரே ஆளை இரண்டு பெயரில் இரண்டு தடவை இறக்கியதும் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், "ஒம்பதாவது ஆளா நீ இறங்கு" என்று ஜிம்மை நடத்தும் மாஸ்டர் சொன்னபோது தலையாட்டினேன். அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம்.

அவன் என்னைவிட எட்டுக் கிலோ கூடுதல். "அதெல்லாம் பேப்பர்ல சரியாக்கிக்கலாம், கேட்டோ" என்றார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு கல்யாண மண்டபத்தில் கூண்டு போட்டிருந்தார்கள். முதல் நிமிடம் நன்றாக அடி வாங்கினேன். பிறகு அவன் காலை வாரிக் கீழே தள்ளினேன். அங்கேதான் பார்த்தேன், அவனுக்குக் கீழே விழுந்தால் எழுந்திருக்கவே தெரியவில்லை. அதுவரை யாரும் அவனைக் கீழே தள்ளியதில்லை, தள்ளக்கூடியவனை மாஸ்டர் கூப்பிட்டதும் இல்லை. முதுகில் ஏறிக் கழுத்தைப் பூட்டினேன். தட்டினான். விட்டேன்.

நடுவர் மாஸ்டரின் மச்சான். "நான் காணலையே, நீயாத்தானே விட்டே" என்று எங்களை எழுப்பி நிறுத்தினார். நேரம் முடிந்ததும் ஜெயித்தவன் என்று அவன் கையைத் தூக்கினார்கள். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மைக்கை நீட்டியபோது "நல்ல ஃபைட்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஒன்பது வெற்றியைக் காட்டி அவனைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனார் மாஸ்டர். எதிரில் வந்தவன் நிஜமாகவே சண்டை தெரிந்தவன். மாவு பிசையும் மேடையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கீழே தள்ளினான். இவன் ஆமையைப் போலக் கிடந்தான். குத்து விழுந்துகொண்டே இருந்தது. சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தாடை உடைந்து ஊர் திரும்பியவனைப் போய்ப் பார்த்தேன். பல்லைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வாயைத் திறக்காமலே பேசினான்.

"சேட்டா, அன்னிக்கு நான் தட்டினேன் அல்லே?"

"தட்டின."

"வேர்வையில கை வழுக்கினதுன்னு மாஸ்டர் சொன்னார். நானும் அதையே விசுவசிச்சேன்."

அவனைத் திட்டத்தான் போயிருந்தேன். கண்ணெல்லாம் ரத்தம் கட்டிக் கிடந்தவனிடம் என்னத்தைச் சொல்ல? ஆனால் மன்னிக்கவும் இல்லை. அவன் கை, அவனுக்குத் தெரியாதா?

நேரே ஜிம்முக்குப் போனேன். எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன், "கீழ விழுந்தா எந்திரிக்கக்கூடச் சொல்லிக் குடுக்காம ஏன் அனுப்புனீங்க?"

மாஸ்டர் நிதானமாகச் சொன்னார். "தோல்வி இருக்கிறவனை ஆரு விளிப்பா? ரெக்கார்டு வேணும். உனக்கு இது மனசிலாவாது."

என் கையுறையை அவர் மேஜையில் எறிந்துவிட்டு வெளியே வந்தேன். பிறகு அந்தப் படி ஏறவில்லை.

இப்போதும் சண்டைக் கணக்கு வைக்கும் இணையதளத்தில் தேடினால் அவன் பெயருக்கு ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி. என் பெயருக்கு ஒரே ஒரு சண்டை, தோல்வி. திருத்தச் சொல்லி அந்தத் தளத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். நடுவர் தீர்ப்பே இறுதியானது என்று ஒரே பதிலைத்தான் அனுப்புகிறார்கள்.