டிஸ்குக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் பின்பாதியில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கடை மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சங்கம் கூடும். சங்கத்துக்கென்று ஒரு பொது நிரல் தொகுப்பு இருந்தது. அச்சடிப்பது, தேதி கணக்கிடுவது என்று எங்கள் எல்லாப் புரோகிராமுக்கும் அதுதான் அடித்தளம். மூலநிரலோடு யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம். ஆளாளுக்குத் திருத்தியதால் சில மாதங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வந்தது. ஒவ்வொன்றிலும் நேற்றுவரை ஓடிய ஏதோ ஒன்று படுத்துக்கொண்டது.

எந்தப் புரோகிராம் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று பார்த்துவைக்கும் பொறுப்பு என்னுடையது. அதைக் கொடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. அதுவே தகுதி.

அந்த ஆண்டின் புதிய பதிப்பை ஆயர் தாவார் தோட்டத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பழையதை அழித்தவன் நான். சம்பளம் போடும் புரோகிராம் நின்றுவிட்டது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஈப்போவுக்கே வந்துவிட்டார்.

“தம்பி, திங்கக்கிழமை ஓடலன்னா கம்ப்யூட்டர் பெட்டிய திருப்பி அனுப்பிடுவேன்னு மேனேஜர் தொர சொல்லிட்டாரு. தீபாவளி சம்பளத்த கையால எழுதணும்லா.”

“கவலைப்படாதீங்கண்ணே. பழைய பதிப்பு பத்திரமா இருக்கு.”

இருந்தது. முந்தின வாரம் ஆயுத பூஜை. பழைய பதிப்பு டிஸ்குகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்திருந்தேன். அந்தக் காலத்து டிஸ்கின் உறையில் ஒரு திறப்பு இருக்கும். உள்ளே தகடு தெரியும். எனக்கு அது நெற்றி மாதிரி தெரிந்தது. கம்ப்யூட்டர் படிக்கும் இடமும் அதுதான்.

சொருகினேன். கரகரவென்று சத்தம்.

“சாமி ரூம் மாதிரி மணக்குது தம்பி. ஓடுதா?”

“இப்போதைக்கு வாசனைதான் வருதுண்ணே.”

சங்கத்தில் மற்றவர்கள் எல்லாரும் பழையதன் மேலேயே புதியதைப் பதிந்துவிட்டார்கள். மிச்சம் தாப்பா ஊரில் ஒரு நண்பன். எந்தப் புதிய பதிப்புக்கும் மாறாதவன்; கூட்டம்தோறும் நான் கேலி செய்தவன். போன் போட்டேன்.

“மச்சான், பழைய பதிப்பு வச்சிருக்கியா?”

“எது பழசு? நான் அததானே ஓட்டுறேன். போன கூட்டத்துல சோம்பேறின்ன. இப்ப என்னன்னு கூப்பிடுவ?”

“அண்ணேன்னு கூப்பிடுறேன். நீயும் டிஸ்குக்குப் பூஜை போட்டியா?”

“அதுக்கு எழுந்து குளிக்கணும்லா.”

கிராணியும் நானும் பஸ் பிடித்துப் போய் நகலெடுத்து வந்தோம். திங்கட்கிழமை சம்பளப் பட்டியல் அச்சாகி வந்தது. பெட்டி தோட்டத்திலேயே தங்கியது. பழைய பதிப்புகளைக் காக்கும் பதவியைச் சங்கம் தாப்பாக்காரனுக்குத் தந்தது. எதையும் செய்யாமலிருக்க வேண்டிய வேலை, சிறப்பாகச் செய்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கிராணி சங்கத்துக்கு வந்தார். என் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கினார். என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு கிண்ணத்தை எனக்கு எட்டாத அலமாரியின் மேல் வைத்தார்.