சூப்பர்வைசர் அல்ல, சமையல்காரர்

ஸ்டீபன் மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார். நான் அருமனையில் பஸ் இறங்குவதற்குள் சுவரில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. எங்கள் ஊரில் அழுகையைவிடப் போஸ்டருக்கு அவசரம் அதிகம். படத்துக்குக் கீழே, ‘துபாய் சூப்பர்வைசர்’ என்றிருந்தது. அழ வந்த எனக்குக் கோபம்தான் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் தாய்மாமா துபாயில் ஒரு கிரேக்க ஓட்டலில் சமையல்காரர். சூப் வைத்தார், சூப்பர்வைசராக இருந்ததே இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது மாமி கொடுத்த பதவி உயர்வு அது.

ஊர் திரும்பிய பிறகு, தயிரைத் துணியில் கட்டி அடுக்களைக் குழாயில் தொங்கவிடுவார். நீர் வடிந்து கெட்டியாகும். வெள்ளரிக்காயைத் துருவி, உப்புப் போட்டு என்னிடம் தருவார்.

“தண்ணிய பிழிஞ்சியா?”

“பிழிஞ்சேன் மாமா.”

“பொய் சொல்லாத ஏட்டி. கையி காஞ்சுல்லா இருக்கு.”

அப்புறம் பூண்டு, புதினா, ஆலிவ் எண்ணெய்; கிரேக்கத் தயிர்ப் பச்சடி தயார். ஒருநாள் அதை ஐஸ்கிரீம் கோப்பையில் வைத்து, மேலே செர்ரியும் வைத்து மாமிக்கு நீட்டினேன். பூண்டைக் கடித்த மாமியின் முகத்தைப் பார்த்து, மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மகளின் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பொரித்த மீனை அதில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார்கள். “இது ஆரு செஞ்சது?” என்றார் சம்பந்தி. மாமா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“கடையில வாங்கினது,” என்றார் மாமி.

மாமா திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “எனக்க கையி கடையாயிட்டு, மக்கா.” அன்று அவர் சிரிக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்தபோது, அவர் கடைசியாகக் கட்டிய தயிர் குழாயிலேயே தொங்கியது. ஊரே வந்துபோன வீட்டில் அதை ஒருவரும் அவிழ்க்கவில்லை. புளிப்பு ஏறியிருந்தது, எனக்கும்தான். வெள்ளரிக்காயைத் துருவினேன். பக்கத்து வீட்டார் அவித்துக் கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கின் அருகே கிண்ணத்தை வைத்தேன்.

சம்பந்தி தொட்டுத் தின்று நிமிர்ந்தார். “நிச்சயத்துக்கு வாங்கினதுல்லா இது?”

மாமி வாயெடுக்கும் முன் நான் சொன்னேன். “வாங்கல. மாமா செஞ்சது. துபாயிலயும் அவருக்கு இதுதான் வேல. போஸ்டரு பொய்யி.”

சம்பந்தி இன்னொரு கிழங்கை எடுத்தார். “அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அவருட்ட நேர்ல ஒரு நல்ல வார்த்த சொல்லியிருப்பேனே,” என்றார். மாமி அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை.

போய் வாருங்கள், மாமா. இந்தமுறை நன்றாகப் பிழிந்தேன். கை இன்னும் காயவில்லை.