நிஷாதத்தில் ஒரு பாம்பு

தாயக்கட்டையை உள்ளங்கையில் குலுக்கி, வாயருகே கொண்டுபோய் ஊதிவிட்டுத்தான் சிவனேஸ்வரி டீச்சர் உருட்டுவார். ஆறு விழாவிட்டால் மேசை சாய்ந்திருக்கிறது என்பார். எதிரே இருந்து ஆடுகிறவர்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்தில் றொசல்லப் பக்கத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குச் சங்கீதம் படிப்பிக்க வந்தவர். படித்த ஸ்வரங்களைத் திரும்பப் பாடும் மீட்டல் பாடம் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஆகவே பிஸ்கட் பெட்டி அட்டையில் பாம்பும் ஏணியும் வரைந்து, கட்டத்துக்கொரு ஸ்வரம் எழுதினார். ஏணியில் ஏற ஸரிகமபதநிஸ பாட வேண்டும். பாம்பு கடித்தால் ஸநிதபமகரிஸ பாடிக்கொண்டே இறங்க வேண்டும். அடுத்தவர் பாடும்போது சிரித்தால் மூன்று கட்டம் பின்னால். முதலில் தேயிலை விதைகளைத்தான் காயாக வைத்தார்கள். அவை பாட்டே இல்லாமல் ஏணி ஏறி உருண்டதால் சட்டைப் பொத்தான்கள் வந்தன.

பிள்ளைகளில் ஒருத்தியான பிரியந்தி, வீட்டிலும் கட்டை உருட்டத் தொடங்கியதுதான் வினை. அவளுடைய அப்பா மூக்கன், பள்ளியில் சூது பழக்குகிறார்கள் என்று அதிபரிடம் வந்து நின்றார். தொழிலாளர் குடியிருக்கும் லயம் பூராவும் அதே பேச்சாம். அந்தப் பாடவேளையைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ள அதிபருக்கு நெடுநாள் ஆசை. மூக்கனையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்து, அட்டையைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டார்.

டீச்சர் வாதாடவில்லை. பிள்ளைகள் உட்காரும் குட்டை வாங்கொன்றைத் துடைத்து மூக்கனுக்குக் காட்டினார்.

"இருந்து ஒருக்கா விளையாடிப் பாருங்கோ. பிறகும் சூது எண்டு சொன்னியளெண்டால் நானே கிழிக்கிறன்."

முழங்கால் நாடியில் இடிக்க மூக்கன் அமர்ந்தார். எடுத்த எடுப்பில் ஏணி. "நமக்குப் பாட்டெல்லாம் வராதுங்க டீச்சர்," என்றார். அப்படியானால் ஏணியும் இல்லை என்றார் டீச்சர். பிரியந்தி உதட்டை அசைத்துக் காட்டினாள், அதையும் தடுத்துவிட்டார். மூக்கன் இருமினார், கதவைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு, கொழுந்து லொறி மேடேறுவதுபோல், மகள் வீட்டில் பாடக் கேட்ட ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டுபோய் உச்சியில் நிறுத்தினார். சுருதி போதாதென்று டீச்சர் திரும்பவும் பாட வைத்தார். பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்க, வாசலில் நின்ற அதிபர் சிரித்துவிட்டார்.

"சேர், மூண்டு கட்டம் பின்னுக்கு," என்றார் டீச்சர், திரும்பிப் பார்க்காமலே.

ஆட்டத்திலேயே இல்லாத அதிபர் மூன்றடி பின்வாங்கி நின்றார்.

வெற்றிக்கு ஒரு கட்டம் இருக்கையில், 'நி' கட்டமான நிஷாதத்தில் படுத்திருந்த பெரிய பாம்பு, எதிரே ஆடிய டீச்சரைப் பிடித்தது. மேசை சாய்ந்திருப்பதாக அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு ஸ்வரமும் பிசகாமல், ஆனால் கோபத்தில் குரல் நடுங்க, அடிவரை இறங்கினார். மூக்கன் ஜெயித்தார்.

சூதுதானா என்று அதிபர் கேட்டார். மூக்கன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"சூதுல இம்புட்டுக் கஷ்டம் இருக்காதுங்க சேர்."

அட்டை தப்பியது, பாடவேளையும் தப்பியது.

எல்லோரும் போன பிறகு டீச்சர் வாசலை எட்டிப் பார்த்தார். ஆள் இல்லை. பாம்பின் வாலடியில் கிடந்த தன் கறுப்புப் பொத்தானை எடுத்து, முறைப்படி ஸரிகமபதநிஸ பாடிக்கொண்டே கடைசிக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்.